கட்டும் கணினியும் ஓடும் கணினியும்: ராஸ்பியன், வாய்ட் ஓர் ஒப்பாய்வு

2012 பிப்ரவரி 29ஆம் தேதி விற்பனைக்கு வந்த ராஸ்பெர்ரி பை, லினக்ஸ் பொதிகளைப் பொறுத்தவரை இரண்டுங்கெட்டான் நிலையில் பிறந்த கணினி. அதில் இருந்தது 700 மெகாஹெர்ட்ஸ் வேகத்தில் ஓடும் ஆர்ம்1176 ப்ராசஸர். அது ஆர்ம் கட்டளைத் தொகுதியின் ஆறாம் பதிப்பைச் சேர்ந்தது. ஆனாலும் தசமப் புள்ளிக் கணக்குகளை வன்பொருளிலேயே போடும் விஎஃப்பி அலகு அதில் உண்டு. ஆர்முக்கென்று பெரிய பொதிக் களஞ்சியம் வைத்திருந்த டெபியன், அப்போது அதை இரண்டு வகையாகக் கட்டிவந்தது. ஆர்மெல் என்ற வகை பழைய ஆர்ம்களிலும் ஓடும், ஆனால் விஎஃப்பி அலகைத் தொடாது. தசமக் கணக்கையெல்லாம் மென்பொருளே மெதுவாகப் போடும். அப்போது உருவாகிவந்த ஆர்ம்எச்எஃப் என்ற வகை விஎஃப்பியை முழுதாகப் பயன்படுத்தும், ஆனால் ஏழாம் பதிப்பு ப்ராசஸர் இருந்தால்தான் ஓடும். பையில் அதைப் போட்டால், ஏழாம் பதிப்புக்கே உரிய கட்டளை ஒன்றைச் சந்தித்த இடத்தில் ‘இல்லீகல் இன்ஸ்ட்ரக்‌ஷன்’ என்று நின்றுவிடும்.

மூலநிரல் எல்லோருக்கும் திறந்துதான் கிடந்தது. இந்தக் கணினிக்குப் பொருந்தும்படி அதை யாராவது மறுபடி கம்பைல் செய்ய வேண்டும், அவ்வளவுதான். அந்த ‘அவ்வளவுதான்’ எத்தனை பெரிய வேலை என்பதைச் செய்து காட்டியவர்கள் மைக் தாம்ப்சனும் பீட்டர் கிரீனும். டெபியனின் மூலநிரலை எடுத்து, ஆறாம் பதிப்புக்கும் வன்பொருள் தசமக் கணக்குக்கும் ஏற்ப முழுக் களஞ்சியத்தையும் மீண்டும் கட்டினார்கள். 35,000க்கு மேற்பட்ட பொதிகளின் முதல் சுற்று 2012 ஜூனில் முடிந்தது. அதுதான் ராஸ்பியன். கட்டுவதற்கு அவர்கள் கோத்து வைத்துக்கொண்டவையும் ஆர்ம் கணினிகளே. 256 மெகாபைட் நினைவகம் கொண்ட பையில் இதைச் செய்ய முடியாது என்பதால், கொஞ்சம் பெரிய, ஏழாம் பதிப்பு ப்ராசஸர் கொண்ட ஃப்ரீஸ்கேல் பலகைகளில் கட்டினார்கள். ஆர்முக்கான பொதியை ஆர்மிலேயே கட்டும் இந்த முறைக்கு நேட்டிவ் கட்டுமானம் என்று பெயர்.

அதே பைக்குப் பின்னாளில் பொதிகள் கொடுத்த இன்னொரு அமைப்பு வாய்ட் லினக்ஸ். நெட்பிஎஸ்டியில் பணியாற்றிய ஹுவான் ரொமேரோ பர்டினெஸ் 2008இல் தொடங்கியது. வாய்டின் ஆர்ம் பொதிகள் கட்டப்படும் இடத்தில் ஆர்ம் கணினி கிடையாது. எல்லாமே சாதாரண இன்டெல் வகை, அதாவது எக்ஸ்86-64 சர்வர்களில் கிராஸ் கம்பைல் ஆகி (ஒரு வகைக் கணினியில் இன்னொரு வகைக்கு என்று கம்பைல் ஆகி) வெளிவருகின்றன. பொதி கட்டும் கட்டளையில் எந்த ப்ராசஸருக்கு என்ற பெயரைச் சேர்த்தால் போதும்; அதே செய்முறைக் கோப்பிலிருந்து ஆறாம் பதிப்பு ஆர்முக்கும், ஏழாம் பதிப்புக்கும், 64 பிட் ஆர்முக்கும் பொதி வரும்.

போய்ச் சேரும் கணினி ஒன்றே, மூலநிரலும் பெரும்பாலும் ஒன்றே. கட்டும் இடம் மட்டும் வேறு. ஆகவே இந்த இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்பது பயன் தரும்.

இந்தப் பேச்சை எடுத்தாலே முதலில் வேகத்தைச் சொல்வார்கள். உண்மைதான்: ஒரு ஜிபி நினைவகமுள்ள ஆர்ம் பலகை ஒரு பிரவுசரைக் கட்டித் தவிக்கும் நேரத்தில் சர்வர் பலமுறை கட்டி முடித்துவிடும். 32 பிட் கணினியில் இன்னொரு கட்டுப்பாடும் இருக்கிறது. எவ்வளவு நினைவகம் வாங்கிப் போட்டாலும் ஒரே லிங்கர் செயல்முறை நான்கு ஜிபி முகவரி எல்லையைத் தாண்ட முடியாது; பெரிய சி++ நிரல்கள் கடைசி இணைப்புக் கட்டத்தில் அங்கேதான் முட்டிக்கொள்ளும். 64 பிட் சர்வரில் ஓடும் கிராஸ் லிங்கருக்கு அந்தச் சுவர் இல்லை. டெபியன் 2007இல் வெளியிட்ட எட்ச் பதிப்பிலிருந்து மோட்டோரோலா 68000 வரிசையை விட்டதற்கு, அந்தக் கணினிகளின் கட்டும் வேகம் களஞ்சியத்துக்கு ஈடுகொடுக்காததும் ஒரு காரணம். ஆனால் வேகம் என்பது காசு கொடுத்தால் தீரும் குறை. 2020இல் 80 கோர்கள் கொண்ட ஆம்பியர் ஆல்ட்ரா போன்ற ஆர்ம் சர்வர் ப்ராசஸர்கள் வந்தபின் ஆர்மைப் பொறுத்தவரை அந்தக் குறை பெரும்பாலும் தீர்ந்தும் விட்டது. வேக வித்தியாசம் மறைந்த பிறகும் மிஞ்சி நிற்கும் வித்தியாசம்தான் இவ்விரண்டு முறைகளின் உண்மையான வித்தியாசம். நேட்டிவாகக் கட்டும்போது பொதி தனக்கு வேண்டியதைக் கணினியிடம் கேட்டுத் தெரிந்துகொள்கிறது. கிராஸில் கட்டும்போது அதை யாராவது அதற்குச் சொல்லியாக வேண்டும்.

தையற்கடையில் ஆளை நிறுத்தி அளவெடுத்துத் தைப்பதற்கும், ஊரிலிருந்து வந்த அளவுச் சட்டையை வைத்துத் தைப்பதற்கும் உள்ள வேறுபாடு இது. கிராஸில் அந்த அளவுச் சட்டையின் வேலையைச் செய்வது சிஸ்ரூட் என்ற அடைவு. ஆர்முக்கான தலைப்புக் கோப்புகளும் லைப்ரரிகளும் அதில் இருக்கும். கம்பைலர் அதைப் பார்த்து வெட்டும். அதில் இருப்பதைப் படிக்கலாம், இணைக்கலாம். ஓட்டிப் பார்க்க மட்டும் முடியாது.

அந்த ஓட்டிப் பார்க்க முடியாமை எங்கே கடிக்கும் என்பதற்கு ஒரு சின்ன உதாரணத்தைக் கிட்டத்தில் போய்ப் பார்க்கலாம். டேவிட் மெக்கன்ஸி 1991இல் தொடங்கிய ஆட்டோகான்ஃப் கருவி உண்டாக்கும் ‘கான்ஃபிகர்’ ஸ்கிரிப்டை, லினக்ஸில் எதையாவது மூலத்திலிருந்து கட்டியவர்கள் எல்லோரும் பார்த்திருப்பார்கள். இந்தத் தலைப்புக் கோப்பு இருக்கிறதா, இந்தச் சார்பு இருக்கிறதா என்று வரிவரியாகக் கேட்டு, ‘யெஸ்’, ‘நோ’ என்று எழுதிக்கொண்டே போகும். அதில் ஒரு கேள்வி, ‘மேலாக்’ சார்பிடம் பூஜ்ஜியம் பைட் நினைவகம் கேட்டால் வெற்றுச் சுட்டி வருமா வராதா என்பது. இதற்கு விடை தெரிய ஒரு குட்டி நிரலை எழுதி, கம்பைல் செய்து, ஓட்டிப் பார்க்க வேண்டும். ஆர்மில் உட்கார்ந்து ஆர்முக்குக் கட்டினால் கண் சிமிட்டும் நேரத்தில் விடை வந்துவிடும். எக்ஸ்86இல் உட்கார்ந்து ஆர்முக்குக் கட்டும்போது அந்தக் குட்டி நிரல் ஓடாது. பழைய ஆட்டோகான்ஃப் அப்போது எச்சரிக்கையாக ‘நோ’ என்று எழுதிக்கொள்ளும். எழுதியதோடு விடாது, ‘மேலாக்’ என்று வரும் இடமெல்லாம் ‘ஆர்பிஎல்_மேலாக்’ என்று மாற்றிவிடும். அப்படியொரு மாற்றுச் சார்பைப் பெரும்பாலான பொதிகள் எழுதி வைத்திருக்காது. எல்லாக் கோப்பும் கம்பைல் ஆகி முடிந்து, கடைசியில் லிங்கர் வந்து, ‘ஆர்பிஎல்_மேலாக்’ எங்கே என்று கேட்டு நிற்கும். பிழை தோன்றும் இடமும் அதன் காரணம் இருக்கும் இடமும் ஆயிரக்கணக்கான வரி இடைவெளியில் இருப்பதால், புதிதாக இதில் இறங்குபவர்கள் திகைத்துப் போவது இங்கேதான்.

வாய்ட் இதைத் தீர்க்கும் விதம் எளிமையானது. ஓட்டிப் பார்த்தால்தான் தெரியும் என்ற வகைக் கேள்விகளுக்கான விடைகளை ஒவ்வொரு ப்ராசஸர் வகைக்கும் முன்கூட்டியே எழுதிவைத்த கோப்புகள் அதன் களஞ்சியத்தில் உள்ளன. கான்ஃபிகர் தொடங்குமுன் அவை படிக்கப்பட்டுவிடும். எண்ணின் சிறிய பைட் முதலில் வரும் லிட்டில் எண்டியன் முறையா, பெரிய பைட் முதலில் வரும் பிக் எண்டியன் முறையா, ‘லாங்’ எத்தனை பைட், பூஜ்ஜிய ‘மேலாக்’ என்ன தரும் என்றெல்லாம் அங்கே வரிவரியாக இருக்கும். ராஸ்பியனுக்கு இப்படியொரு கோப்பே தேவைப்படவில்லை. அதைக் குறைந்த உழைப்பு என்று பாராட்டவும் செய்யலாம். என் பார்வையில், யாரும் எழுதி வைக்காத அறிவு கணினிக்குள்ளேயே கிடந்துவிட்டது என்பதுதான் அதன் பொருள்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். கேள்வியைக் கேட்கும் விதத்தை மாற்றினால் பல இடங்களில் ஓட்டிப் பார்க்கும் தேவையே இல்லாமல் போகும். ஒரு தரவு வகை எத்தனை பைட் என்பதை ஆட்டோகான்ஃப் கிராஸில் கண்டுபிடிக்கும் வழி எனக்கு மிகவும் பிடித்தது. ‘இது எட்டு பைட்டுக்குள்தான்’ என்ற ஊகம் பொய்யானால் ஓர் அணியின் நீளம் எதிர்மறையாகும்படி ஒரு வரி எழுதும். ஊகம் சரியென்றால் கம்பைல் ஆகும், தவறென்றால் கம்பைலர் மறுக்கும். இப்படி எல்லையைச் சுருக்கிக்கொண்டே போய், ஒரு நிரலைக்கூட ஓட்டாமல் விடையை எட்டிவிடும். கிராஸ் என்ற நெருக்கடி இல்லாவிட்டால் இந்த வழியை யாரும் தேடியிருக்க மாட்டார்கள்.

ஒரு பொதியைக் கட்ட வேறு எவை வேண்டும் என்ற பட்டியலை எழுதும் முறையிலும் இரண்டு வழிகளும் பிரிகின்றன. வாய்டின் செய்முறைக் கோப்பில் கட்டுவதற்கு வேண்டியவை இரண்டு வரிகளில் இருக்கும். ‘ஹோஸ்ட்மேக்டிபெண்ட்ஸ்’ என்ற வரியில் கட்டும் கணினியில் ஓட வேண்டிய கருவிகள். ‘மேக்டிபெண்ட்ஸ்’ என்ற வரியில் ஓடும் கணினிக்கான லைப்ரரிகள். பைசன், பிகேஜி-கான்ஃபிக் முதல் வரியில் போகும். பிஎன்ஜி லைப்ரரி இரண்டாம் வரியில் போகும். க்னோம் பொதிகள் பலவற்றில் ஜிலிப் மேம்பாட்டுப் பொதி இரண்டு வரியிலும் வரும். புதியவர்கள் அதைத் தட்டச்சுப் பிழை என்று நினைக்கக்கூடும். ஜிலிப் ஒரு லைப்ரரி, அதனால் இரண்டாம் வரி. மூலக் கோப்புகளை உருவாக்கித் தரும் சில கருவிகளும் அதே பொதிக்குள் இருக்கின்றன, அவை கட்டும் கணினியில் ஓட வேண்டும், அதனால் முதல் வரி. ஒரே பெயர் இரண்டு முறை வருவது, ஒரே பொதி இரண்டு கணினிகளுக்கு இரண்டு வேலை செய்கிறது என்பதை அப்பட்டமாகக் காட்டிவிடுகிறது.

ராஸ்பியன் எடுத்துக்கொண்ட டெபியன் செய்முறையில் பில்ட்-டிபெண்ட்ஸ் என்று ஒரே பட்டியல்தான். நேட்டிவாகக் கட்டுகிறவரைக்கும் பிரிக்க வேண்டிய அவசியமே எழவில்லை. கருவியும் லைப்ரரியும் ஒரே கணினியில்தானே இருக்கின்றன. பிறகு டெபியனும் கிராஸைச் சாத்தியமாக்க முயன்றபோது, 2013இல் வந்த வீசி பதிப்பிலிருந்து மல்ட்டி-ஆர்ச் என்ற ஏற்பாட்டைக் கொண்டுவந்தது. இங்கே அறிவு வேறொரு இடத்தில் எழுதப்படுகிறது. பைசன் தன் குறிப்பிலேயே, ‘நான் எந்த ப்ராசஸரில் ஓடினாலும் என் வேலை ஒன்றுதான்’ என்று பொருள்படும் ‘ஃபாரின்’ அடையாளத்தைப் போட்டுக்கொள்கிறது. ஒரு லைப்ரரி, ‘என்னுடைய பல ப்ராசஸர் பிரதிகளை ஒரே கணினியில் பக்கம் பக்கமாக நிறுவலாம்’ என்று ‘சேம்’ அடையாளத்தைப் போட்டுக்கொள்கிறது. வாய்டில், உதவி கேட்கும் பொதி தனக்கு எது எதற்கு என்று சொல்கிறது. டெபியனில், உதவி செய்யும் பொதி தான் யார் என்று சொல்கிறது. ஆயிரக்கணக்கானோர் பராமரிக்கும் டெபியனுக்கு, ஓரிடத்தில் ஒருமுறை சொன்னால் எல்லோருக்கும் பயன்படும் இந்த ஏற்பாடே பொருத்தம். ஆனால் ஒரு செய்முறைக் கோப்பைத் திறந்த மாத்திரத்தில் நடப்பது புரிய வேண்டும் என்றால் வாய்டின் இரண்டு வரிதான் தெளிவு. ஹெல்முட் க்ரோனே போன்றவர்கள் டெபியனில் பல ஆண்டுகளாக அனுப்பிவரும் கிராஸ் கட்டுமானத் திருத்தங்களில் பெரும்பகுதி, இந்தப் பிரிவினையைப் பின்னோக்கிப் போய் எழுதும் உழைப்பே. ஒரு பொதியின் கட்டுமானக் கோப்பில் கம்பைலரின் பெயரை நேராக எழுதிவைத்திருப்பார்கள். அதை மாற்றிக் கொடுக்கப்பட்ட கம்பைலரை எடுத்துக்கொள்ளச் செய்வது போன்ற சின்னச் சின்ன வேலைகள். பெயர் வராத, ஆனால் அடித்தளத்தை உறுதியாக்கும் வேலை.

கிராஸுக்கு மிகவும் கடினமான இடம், கட்டும் நடுவிலேயே தன்னைத்தானே ஓட்டிக்கொள்ளும் பொதிகள். ஒரு கோப்பு என்ன வகை என்று சொல்லும் ‘ஃபைல்’ என்ற சிறு நிரல் இருக்கிறதே, அது கட்டப்பட்டதும் தன் அடையாளத் தரவுத்தளத்தைத் தானே தொகுத்துக்கொள்ளும். கிராஸில் அது முடியாது. கட்டும் கணினியில் அதே பதிப்பு ‘ஃபைல்’ ஏற்கெனவே இருக்க வேண்டும். பைத்தானும் அப்படியே. 3.11 பதிப்பிலிருந்து, கட்டும் கணினியின் பைத்தான் எங்கே இருக்கிறது என்று கான்ஃபிகரிடம் சொல்வது கட்டாயமாகிவிட்டது. பெர்ல் இன்னும் கடினம். அதன் கான்ஃபிகர் அதற்கென்றே தனியாக எழுதப்பட்டது. ஓட்டிப் பார்த்தே பழகியது. அதை முற்றிலும் ஒதுக்கிவிட்டு வேறு கட்டுமான முறையை வைக்கும் பெர்ல்-கிராஸ் என்ற தனித் திட்டமே எழுந்தது. வாய்ட் அதைத்தான் எடுத்தாள்கிறது. க்னோமின் இன்ட்ரோஸ்பெக்‌ஷன் தகவல்களோ லைப்ரரியை நினைவகத்தில் ஏற்றி ஓட்டினால் ஒழிய கிடைக்காது.

அங்கே வாய்ட் கிராஸை விட்டு இறங்கி வருகிறது. ஃபாப்ரிஸ் பெல்லார் 2003இல் வெளியிட்ட கியூஎம்யூ என்ற எமுலேட்டரைக் கூப்பிடுகிறது. எந்த லினக்ஸ் நிரலின் தொடக்கத்திலும் ஓர் ஈஎல்எஃப் தலைப்பு இருக்கும். அதில் இரண்டு பைட்டில் ப்ராசஸரின் எண் எழுதப்பட்டிருக்கும். எக்ஸ்86-64 என்றால் 62. 32 பிட் ஆர்ம் என்றால் 40. 64 பிட் ஆர்ம் என்றால் 183. ரிஸ்க்-வி என்றால் 243. லினக்ஸ் கெர்னலின் பின்எஃப்எம்டி என்ற வசதியில் ‘40 வந்தால் இந்த எமுலேட்டரிடம் கொடு’ என்று பதிந்துவைத்தால், சர்வரில் ஆர்ம் நிரலைப் பெயர் சொல்லி அழைத்தாலே ஓடும். கட்டளைகள் துண்டு துண்டாக எக்ஸ்86 கட்டளைகளாக மொழிமாற்றப்பட்டு ஓடுவதால் பல மடங்கு மெதுவாகத்தான் ஓடும். ஒரேயொரு சின்ன நிரலுக்கு அது பரவாயில்லை.

முழுக் கட்டுமானத்தையும் எமுலேட்டருக்குள்ளேயே நடத்துபவர்களும் உண்டு. பொதிக்குத் தான் ஆர்மில் இருப்பதாகத் தோன்றும், எதையும் திருத்த வேண்டாம். ஆனால் எமுலேட்டர் காட்டும் ஆர்ம், முழு ஆர்ம் அல்ல. 32 பிட் ஆர்ம் நிரல் 64 பிட் சர்வரின் எக்ஸ்ட்4 கோப்பு முறைமையில் ஓர் அடைவைப் படிக்கப்போனால், கெர்னல் தரும் 64 பிட் இடக்குறி 32 பிட்டுக்குள் அடங்காமல் படிப்பே தோல்வியடைந்த வழு பலரை அலைக்கழித்தது. கோப்பு கண்ணெதிரே இருக்கும்; சிமேக் அதைக் காணோம் என்று சொல்லும். நேட்டிவின் சோம்பலும் கிராஸின் சிக்கலும் ஒன்றுசேர்ந்த வழியாகவே இது எனக்குத் தெரிகிறது. ஓட்டியே தீர வேண்டிய அந்த ஓரிரு இடங்களுக்கு மட்டும் எமுலேட்டரை வைத்துக்கொள்ளும் வாய்டின் கட்டுப்பாடு சரியானது.

இதுவரை கிராஸின் பக்கமே தராசு சாய்ந்திருக்கலாம். நேட்டிவிடம் கிராஸால் தர முடியாத ஒன்று இருக்கிறது: கட்டிய கையோடு சோதித்துப் பார்ப்பது.

சி மொழியில் ‘சார்’ என்ற வகை குறியுள்ளதா குறியற்றதா என்று மொழி விதி நிர்ணயிக்கவில்லை. அந்தந்த ப்ராசஸருக்கான மரபுக்கு விட்டுவிட்டது. எக்ஸ்86 லினக்ஸில் அது எதிர்ம எண்ணை ஏற்கும், ஆர்ம் லினக்ஸில் ஏற்காது. ஒருவர் கோப்பின் ஒவ்வோர் எழுத்தையும் ‘கெட்சார்’ சார்பால் வாங்கி ஒரு ‘சார்’ மாறியில் போட்டு, கோப்பு முடிந்ததற்கான மைனஸ் 1 வரும்வரை சுழலும்படி எழுதியிருக்கிறார் என்று வையுங்கள். எக்ஸ்86இல் பல ஆண்டுகளாகச் சிக்கலின்றி ஓடியிருக்கும். ஆர்மில் அந்த மைனஸ் 1, மாறிக்குள் போனதும் 255 ஆகிவிடும். 255 ஒருநாளும் மைனஸ் 1க்குச் சமமாகாது. சுழற்சி முடிவே இல்லாமல் ஓடும். கிராஸ் கம்பைலர் இதைக் குறை சொல்லாமல் கம்பைல் செய்து, பொதியாக்கி, களஞ்சியத்தில் ஏற்றிவிடும். வாய்டின் கருவி கிராஸ் கட்டுமானம் என்று தெரிந்ததும் சோதனைக் கட்டத்தைத் தாண்டிப் போய்விடுகிறது. வேறு வழியும் அதற்கு இல்லை. பொதியோடு வரும் சோதனைகளைக் கட்டும் இடத்திலேயே ஓட்டும் நேட்டிவ் முறையில், சோதனை முடியாமல் தொங்கி, கட்டுமானம் தோற்று, யாரோ ஒருவர் எட்டிப் பார்த்திருப்பார். பிக் எண்டியன் முறையில் வேலை செய்யும் ஐபிஎம் எஸ்390 போன்றவற்றில் இத்தகைய வழுக்கள் இன்னும் அதிகம். டெபியன் இத்தனை ப்ராசஸர்களுக்கும் நேட்டிவாகவே கட்டுவேன் என்று பிடிவாதமாக இருப்பதால் உலகத்து சி நிரல்கள் எவ்வளவோ சீர்பட்டிருக்கின்றன. வாய்ட் பயனரும் அந்த நன்மையைத்தான் அனுபவிக்கிறார்.

நேட்டிவின் ஆதரவாளர்கள் வழக்கமாக இந்த இடத்தில் நிறுத்திவிடுவார்கள். ஆனால் ராஸ்பியனின் கதையிலேயே அதற்கு மேல் ஒரு பாடம் இருக்கிறது. அவர்கள் கட்டிய பலகைகள் ஏழாம் பதிப்பு. ஓட வேண்டிய பை ஆறாம் பதிப்பு. கம்பைலருக்கு ஆறாம் பதிப்பு என்று இயல்புநிலையாகவே சொல்லி வைத்திருந்தார்கள். அப்படியும் சில பொதிகள் தாமாகவே ‘இந்த ப்ராசஸர் என்ன?’ என்று பலகையைக் கேட்டு, ஏழு என்ற பதிலை வாங்கி, ஏழாம் பதிப்புக் கட்டளைகளை உள்ளே நுழைத்துவிட்டன. கட்டிய பலகையில் சோதனை எல்லாம் தேறும். பையில் போட்டால் நின்றுவிடும். ராஸ்பியன் குழு இதை ஏழாம் பதிப்புக் கலப்படம் என்றே அழைத்து, கட்டி முடித்த பொதிகளில் அதைத் தேடிப் பிடிக்கத் தனிச் சோதனை வைத்தது. ஆர்மில் ஆர்முக்குக் கட்டுகிறோம் என்று சொன்னாலும், கட்டும் கணினியும் ஓடும் கணினியும் அங்கேயும் இரண்டுதான். இரண்டும் ஒன்றைப் போலவே இருந்ததால் பிரிவு கண்ணுக்குத் தெரியவில்லை.

இதே குழப்பம் 64 பிட் காலத்திலும் தொடர்ந்தது. நினைவகத்தைப் பங்கிட்டுத் தரும் ஜெமேலாக் லைப்ரரி, நினைவகப் பக்கத்தின் அளவைக் கட்டும் நேரத்திலேயே உறுதி செய்துகொள்ளும். நேட்டிவில் அது கட்டும் கணினியின் கெர்னலைக் கேட்கும். பெரும்பாலான கட்டும் கணினிகளில் விடை 4 கேபி. கிராஸிலும், யாரும் சொல்லாவிட்டால் 4 கேபி என்றே வைத்துக்கொள்ளும். 2023இல் வந்த ராஸ்பெர்ரி பை 5இன் இயல்புக் கெர்னலில் ஒரு பக்கம் 16 கேபி. 4 கேபி என்று நம்பிக் கட்டிய ஜெமேலாக்கோடு வந்த நிரல்கள் அங்கே பக்க அளவு பொருந்தவில்லை என்று தொடக்கத்திலேயே நின்றன. இங்கே கிராஸும் நேட்டிவும் ஒரே தவறைச் செய்கின்றன. ஓடும் கணினி எப்படிப்பட்டது என்று யாரும் எழுதிச் சொல்லாததுதான் இரண்டுக்கும் பொதுவான காரணம். பெரிய பக்க அளவைக் கான்ஃபிகரில் ஒரே சொல்லாகக் கொடுத்துக் கட்டினால், அதைவிடச் சிறிய பக்கங்கள் உள்ள கணினியிலும் அது ஓடும். அந்த ஒரு சொல்லை எழுத வேண்டும் என்று தோன்றும் மனப்பழக்கம், கிராஸில் கட்டுகிறவர்களுக்குத்தான் சீக்கிரம் வருகிறது.

புதிய ப்ராசஸர் பிறக்கும்போது நேட்டிவ் என்ற தேர்வே கிடையாது. 64 பிட் ஆர்மை உள்ளடக்கிய எட்டாம் பதிப்பு 2011 அக்டோபரில் அறிவிக்கப்பட்டபோது, கடையில் போய் வாங்க அப்படியொரு கணினி இல்லை. வூக்கி போன்ற டெபியன் பங்களிப்பாளர்கள் முதல் பொதிகளை எக்ஸ்86இலிருந்து கிராஸ் கம்பைல் செய்துதான் அடித்தளம் போட்டார்கள். கம்பைலர், சி லைப்ரரி, ஷெல், பொதி மேலாண்மைக் கருவி என்று ஓர் அமைப்பு தன்னைத்தானே கட்டிக்கொள்ளும் அளவுக்கு வளர்ந்தபின் நேட்டிவுக்கு மாறிக்கொண்டார்கள். 2015இல் வந்த ஜெஸ்ஸி பதிப்பில் அது அதிகாரபூர்வ வகையானது. ரிஸ்க்-வியும் அதே பாதையில் நடந்து 2023 ஜூலையில் டெபியனின் அதிகாரபூர்வ வகைகளுள் இடம்பெற்றது. சென்னை ஐஐடியில் வடிவமைக்கப்பட்ட சக்தி ப்ராசஸர்களும் ரிஸ்க்-வி குடும்பம்தான். அவற்றில் சிறிய மைக்ரோகன்ட்ரோலர் வகையில் லினக்ஸ் போன்ற முழு இயங்குதளம் ஓடாது. ஒரு கம்பைலரை அதற்குள் ஓட்டும் பேச்சுக்கே இடமில்லை. அங்கே படிக்கும் மாணவர் தம் மடிக்கணினியில் ரிஸ்க்-வி கிராஸ் கம்பைலரை ஓட்டி, கிடைக்கும் நிரலைக் கம்பி வழியாகப் பலகையில் ஏற்றுகிறார். டெபியன் பெருங்களஞ்சியம் ஆனாலும் அந்த மாணவரின் பலகையானாலும் முதல் அடி கிராஸ்தான்.

ஆக எதைத் தேர்வது? 64 பிட் ஆர்ம் சர்வர்கள் தாராளமாகக் கிடைக்கும் இன்று, பல்லாயிரம் பொதிகளை வெளியிடும் அமைப்பு நேட்டிவாகக் கட்டுவதே நல்லது, சோதனைகளுக்காக. ராஸ்பெர்ரி பை நிறுவனத்தின் 64 பிட் இயங்குதளம் டெபியனின் நேட்டிவ் ஆர்ம்64 பொதிகளை அப்படியே எடுத்துக்கொள்வது அதனால் சரியான முடிவு. கையளவு ஆட்களும் சில சர்வர்களும் கொண்ட வாய்ட் போன்ற அமைப்புக்குக் கிராஸ் இல்லாவிட்டால் ஆர்ம் ஆதரவே சாத்தியமாகியிருக்காது. ஆனால் பொதியை எழுதுகிறவரிடம் நான் வேறு மாதிரி பேசுவேன். உங்கள் பொதியை யாரும் கிராஸில் கட்டப்போவதில்லை என்றாலும், கிராஸில் கட்ட வராத பொதி பாதியில் நிற்கும் பொதி. ஓடும் கணினியைப் பற்றிய ஏதோ ஓர் அறிவு அதில் எழுதப்படாமல் இருக்கிறது. அது உங்கள் மேசைக் கணினியின் தற்செயலிலிருந்து வந்துகொண்டிருக்கிறது.

அதைக் கண்டுபிடிக்க ஒரு மாலைப்பொழுது போதும். ஒரே பொதியை ஆர்மில் ஒருமுறை, எக்ஸ்86இலிருந்து கிராஸில் ஒருமுறை கட்டுங்கள். விளைந்த இரண்டு பொதிகளையும் டெபியன்காரர்கள் உருவாக்கிய டிஃபோஸ்கோப் கருவியில் போட்டால் பைட் அளவில் வேறுபாடுகளைக் காட்டும், ஆனால் அங்கே தொடங்க வேண்டாம். இரண்டு கட்டுமான அடைவுகளிலும் கான்ஃபிகர் எழுதிவைத்த கான்ஃபிக் தலைப்புக் கோப்பு இருக்கும். முதலில் அந்த இரண்டையும் டிஃப் போட்டுப் பாருங்கள். ஒன்றில் இருந்து மற்றதில் இல்லாத ஒவ்வொரு டிஃபைன் வரியும், கேட்டு வாங்கிய விடைக்கும் ஊகித்த விடைக்கும் இடையில் எங்கே பிசகியது என்று பெயர் சொல்லிக் காட்டும். அந்த வரிக்கு உரிய சோதனையைக் கான்ஃபிகரில் தேடிப் போய், ஓட்டாமலே கேட்கும்படி அதைத் திருத்தி எழுத முடிகிறதா என்று பாருங்கள். முடியாவிட்டால், விடையை வெளியிலிருந்து கொடுக்க ஒரு வழி வைத்து, அதைப் பொதியின் ரீட்மீ கோப்பில் எழுதிவிடுங்கள்.